ஒரு மைலுக்கு இரண்டு அடி

அவர் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. வகுப்புக்குள் வந்ததும் அந்த நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய் வராந்தாவில் வைத்துவிடுவார். செருப்பை வாசலிலேயே கழற்றியிருப்பார். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு சாக்பீஸைப் பேனா மாதிரி கொண்டைக்குள் சொருகுவார். அதற்குப் பிறகுதான் எங்களை நிமிர்ந்து பார்ப்பார்.

"எழுந்துக்கலாமா?"

முதல் நாள் யாரும் எழுந்திருக்கவில்லை. நாங்கள் மாலைக் கல்லூரி மாணவர்கள். மயிலாப்பூரில் கடலுக்குப் பக்கத்தில், பகலில் வேறு பிள்ளைகள் படித்துவிட்டுப் போன பெஞ்சுகளில், ஆறு மணிக்கு மேல் வந்து உட்காருகிற பி.காம். கூட்டம். கோர்ட்டில் நகல் எடுக்கிறவர், கடையில் சேலை விற்கிறவர், மின்சார ஆபீஸ் குமாஸ்தா, கப்பல் சரக்கு ஏஜென்சியில் டைப் அடிக்கிற நான். எனக்கு அப்போது இருபத்தொரு வயது. அவருக்கு இருபத்தாறு இருக்கலாம். எங்களில் பாதிப் பேரைவிடச் சின்னவர். லீவில் போன ஒருவருக்குப் பதிலாகத் தற்காலிகமாக வந்தவர். பொருளாதாரமும் புள்ளியியலும் எடுத்தார்.

"இன்னா மேடம், டிரில் பீரியடா?" என்றார் கோர்ட்டு குமாஸ்தா. வகுப்பே சிரித்தது.

"ஆமா," என்றார் அவர், கொஞ்சமும் சிரிக்காமல். "விசில்தான் கொண்டு வரலை. எழுந்துக்கோங்க."

ஏன் இப்படி என்று பிற்பாடு ஒருநாள் கேட்டேன். எனக்கு எதையும் கேட்டுவிட வேண்டும். மனசுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது. "உக்காந்து யோசிச்சா எனக்கு ஒண்ணுமே வராது," என்றார். "எம்.ஏ. முழுக்க மொட்டை மாடியில நடந்துதான் படிச்சேன். கீழ்வீட்டு மாமி எங்க மன்னிகிட்ட, 'உங்காத்து மொட்டை மாடியில யாருடி தெனமும் மாவு இடிக்கறா'ன்னு கேட்டாளாம்." அவர் சிரித்தால் முதலில் தோள்தான் குலுங்கும். சத்தம் அப்புறம் வரும்.

இரண்டாவது வாரமே ஒருவர் மறுத்தார். தி.நகரில் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் சேலைப் பிரிவில் நிற்பவர். திருநெல்வேலிப் பக்கம். முப்பத்தெட்டு வயது, மூன்று பிள்ளைகள். பொருளாதாரத் தாளை மூன்றாவது முறையாக எழுதப்போகிறவர்.

"மேடம், கோவிச்சுக்கிடாதீங்க. காலைல ஒம்போது மணிலேருந்து நின்னுக்கிட்டே இருக்கேன். எங்க கடையில வேலைக்காரனுக்கு ஸ்டூல் கிடையாது. இங்கயாவது உக்காரலாம்னுதான் காலேஜுக்கே வாறேன்."

மேடம் வெளியே போனார். திட்டப்போகிறாரோ, பிரின்சிபாலைக் கூட்டிவரப் போகிறாரோ என்று நினைத்தோம். வராந்தாவில் வைத்திருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். எங்கள் நடுவே போட்டார்.

"உக்காருங்க. நீங்கதான் விலை. நீங்க கையைத் தூக்கினா விலை ஏறுது, இறக்கினா இறங்குது. நாங்க எல்லாரும் வாங்கறவங்க, உங்களைப் பார்த்துத்தான் நடக்கணும்."

அன்றிலிருந்து அந்த நாற்காலி அவருடையது. தி.நகர்க்காரர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு ஜமீன்தார் மாதிரி கையைத் தூக்குவார். நாங்கள் முப்பது பேரும் பாடத்தில் வரும் தேவைக்கோடு மாதிரி சாய்வாக ஒரு கோடாக நின்று, விலை ஏறினால் ஓர் அடி கோட்டோடு பின்னால் போவோம், இறங்கினால் முன்னால் வருவோம். இது ஒன்றும் பெரிய வித்தை இல்லைதான். ஆனால் ஒரு நாள் அந்த நாற்காலியில் இருந்தபடியே அவர் ஆட்சேபித்தார்.

"மேடம், இது சரி. ஆனா தீபாவளிக்கு முந்தின வாரம் வந்து பாருங்க. விலைய எறக்கவே மாட்டோம். அப்பவும் சனம் ஏறி விழும்லா? அதுக்கு எங்க நடக்கது?"

மேடத்தின் முகம் அப்படி மலர்ந்து நான் அதுவரை பார்த்ததில்லை. கொண்டையிலிருந்த சாக்பீஸைப் பிடுங்கி, தரையில் குந்தி, எங்கள் காலடியிலேயே ஒரு கோடு இழுத்தார். அதற்கு வலப்பக்கம் ஓர் அடி தள்ளி இன்னொரு கோடு. "விலை மாறினா கோட்டு மேலேயே நடக்கறோம். தீபாவளி வந்தா கோடே நகர்றது. எல்லாரும், ஒண்ணா, வலது பக்கம் ஓர் அடி. இதைத்தான் புத்தகத்துல நாலு பக்கம் எழுதியிருக்கான். வாங்க!"

முப்பது பேர் ஒரே சமயத்தில் வலது பக்கம் எடுத்து வைத்த அந்த ஓர் அடிச் சத்தம் எனக்கு இன்னமும் கேட்கிறது. ஐப்பசி பிறந்து பாண்டி பஜாரில் கூட்டம் நெரிபடும்போது பிளாட்பாரத்தில் நிற்கிற என் வலது கால் தானாக ஓர் அங்குலம் நகர்கிறது. அந்த ஓர் அடிக்கு இப்போது வயது ஏழு.

எங்களைப் பெயர் சொல்லி மேடம் கூப்பிடுவதில்லை. அதற்கும் ஒரு நடைதான் காரணம். சராசரி பாடம் எடுத்த அன்று பெஞ்சுகளையெல்லாம் சுவரோரம் தள்ளச் சொன்னார். நடுவில் மேசை. "இந்த மேசைதான் காலேஜ். ஜன்னல் பக்கம் கடல். ஒரு மைலுக்கு ரெண்டு அடி. அவங்கவங்க வீடு எங்கயோ அங்க போய் நில்லுங்க."

பெரிய கலவரம். மாம்பலத்துக்கும் தி.நகருக்கும் யார் முன்னால் என்று சண்டை. சைதாப்பேட்டைக்காரர் ஆற்றைத் தாண்டினாரா இல்லையா என்று ஒரு வழக்கு, கோர்ட்டு குமாஸ்தாவே வாதி. மேடம் மேசையிலிருந்து ஒரே ஓர் அடி தள்ளி நின்றார்: மந்தைவெளி. அண்ணா வீடு. நான் எண்ணிக்கொண்டே நடந்தேன். எட்டாவது அடியில் கதவு வந்துவிட்டது. வேளச்சேரி ஆறு மைல். பன்னிரண்டு அடி. வாசலைத் தாண்டி, வராந்தாவில், தூண் பக்கத்தில் தனியாக நின்றேன். உள்ளே ஒரே சிரிப்பு.

"அங்கே யாரு?" என்று உள்ளிருந்து அவர் குரல்.

"வேளச்சேரி, மேடம்!"

"பஸ் போகுமா அங்கே?"

"சைக்கிள்தான் மேடம். வயல் வரப்பு மேல கொஞ்ச தூரம்!"

"அப்படியே நில்லுங்க. உங்களைச் சேர்த்தா சராசரி எவ்வளவு ஏறுது பார்க்கலாம்." உள்ளே கணக்குப் போட்டார்கள். நான் ஒருவன் வெளியே நின்றதால் எல்லாருடைய சராசரித் தூரமும் கூடியது. கதவுக்கு வந்து எட்டிப் பார்த்தார். "பார்த்தீங்களா, நீங்க வெளியதான் நிக்கறீங்க. ஆனா உள்ள இருக்கற நம்பரை நீங்கதான் மாத்தறீங்க."

அன்றிலிருந்து நான் வேளச்சேரி. ஜவுளிக்கடைக்காரர் தி.நகர். கோர்ட்டு குமாஸ்தா சைதாப்பேட்டை. என் பெயரை அந்தக் கல்லூரியில் ஒருவருமே சரியாகக் கூப்பிட்டதில்லை. எனக்கும் அது குறையாகப் படவில்லை.

எட்டு மணிக்கு வகுப்பு விட்டால் மேடம் நடந்தே மந்தைவெளிக்குப் போவார். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே போவேன். எனக்கு வழி அது இல்லை என்பது அவருக்கும் தெரியும். அவர் நடக்கிற வேகத்துக்குச் சைக்கிளைத் தள்ளுவது கஷ்டம். ஏறி ஓட்டினாலோ முந்திவிடும். நடுவில் ஒரு வேகம் இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது.

"உங்க ஊர்ல இப்ப எப்படி இருக்கும்?" என்று ஒருநாள் கேட்டார்.

"ஏரிப் பக்கம் தவளை கத்தும் மேடம். வேற ஒண்ணும் இருக்காது. வெறும் இடம்தான்."

"வெறும் இடமா?" சட்டென்று நின்றுவிட்டார். அவர் நின்றது அபூர்வம். "எவ்வளவு?"

"கோடையில ஏரி வத்தினா கண்ணுக்கு எட்டின வரைக்கும்."

"அங்கே ஒரு கிளாஸ் வெக்கணும் வேளச்சேரி. மைலுக்கு ரெண்டு அடின்னா டெல்லி வரைக்கும் நிக்க வெச்சுடலாம்." அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் கேட்பார், ஏரி வற்றிவிட்டதா என்று. நானும் தினமும் காலையில் போய்ப் பார்ப்பேன். அந்த வருஷம் பார்த்துத் தண்ணீர் இறங்கவே மாட்டேன் என்றது.

பரீட்சை ஏப்ரலில் வந்தது. மாலைக் கல்லூரிக்காரர்களுக்கு அடையாற்றில் வேறொரு கல்லூரியில் இடம் போட்டிருந்தார்கள். பொருளாதாரத் தாளில் மூன்றாவது கேள்வி: தேவைக்கோட்டின் நகர்வை விளக்குக. எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். பேனாவை எடுப்பதற்கு முன்னால் கால் எடுத்துவிட்டது. நான் எதையும் பாதியில் செய்கிறவன் இல்லை. பெஞ்சிலிருந்து எழுந்து, இரண்டு வரிசைக்கு நடுவே, வலது பக்கம் ஓர் அடி முழுசாக எடுத்து வைத்தேன். திரும்பிப் பார்த்தால், எனக்குப் பின்னால் தி.நகர்க்காரர் பெஞ்சோடு வலப்பக்கம் நகர்ந்திருந்தார். ஹாலில் அங்கங்கே எங்கள் ஆட்கள் எல்லாருமே ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தார்கள்.

மேற்பார்வைக்கு இருந்தவர் அந்தக் கல்லூரிக்காரர். எங்களை அவருக்குத் தெரியாது. ஒரு மொத்தக் கூட்டம் ஒரே நொடியில் வலது பக்கம் சாய்ந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

"யாருக்குடா சிக்னல் குடுக்கற?"

சாய்ந்தவர்கள் நிமிர்ந்துவிட்டார்கள். கையும் காலுமாக மாட்டியது நானும் தி.நகரும். எங்கள் இரண்டு பேர் தாளையும் கட்டித் தனி உறையில் போட்டு அரக்கு வைத்தார்கள்.

பத்து நாள் கழித்து எங்கள் பிரின்சிபால் அறையில் விசாரணை. பிரின்சிபால், பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒருவர், அந்த மேற்பார்வையாளர். நிரூபணமானால் இரண்டு வருஷம் பரீட்சை எழுத முடியாது என்று பியூன் முன்கூட்டியே சொல்லியிருந்தார். முதலில் என்னைக் கூப்பிட்டார்கள்.

"ஏன் எழுந்திரிச்ச?"

சொல்லவேண்டியது ஒரே வாக்கியம்: எங்கள் மேடம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஜூனில் அவரை நிரந்தரமாக்கப் பேச்சு நடக்கிறது என்பது எனக்குத் தெரியும். அவர் பெயரை இழுக்கக் கூடாது என்று நினைத்தேன். இப்படித்தான் ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அதில் கால்வாசி. முக்கால்வாசி, நடந்து காட்டினேன் என்றால் சிரிப்பார்கள், நம்பமாட்டார்கள், என் படிப்பு போய்விடும் என்கிற பயம்.

"கால் மரத்துப்போச்சு சார். அதான்."

எழுதிக்கொண்டார்கள். அடுத்து தி.நகர் உள்ளே போய் வந்தார்.

"என்ன சொன்னீங்க?" என்றேன்.

"உள்ளதச் சொன்னேன். தீபாவளி, ஓர் அடி, மேடம் சொல்லிக்குடுத்தது. எல்லாம். நீ என்ன சொன்ன?"

சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "அப்ப நான் பொய் சொன்னவனாயிட்டேன்லா தம்பி," என்றார்.

ஆகிவிட்டார். இரண்டு பேர் இரண்டு கதை சொன்னால் இரண்டுமே ஜோடிப்பு என்று உள்ளே பேசிக்கொண்டது வெளியே கேட்டது. அப்போதுதான் மேடத்தைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். வராந்தாவில் எங்களைக் கடந்து போனார். பிரின்சிபால் அறை வாசலிலும் செருப்பைக் கழற்றினார். கதவு முழுசாக மூடவில்லை.

பிரின்சிபால் எங்கள் இரண்டு வாக்குமூலத்தையும் படித்துக் காட்டினார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "உங்களை பர்மனென்ட் பண்றதுக்குக் கமிட்டியில சொல்லி வெச்சிருக்கேம்மா. இந்த நேரத்துல இதெல்லாம் வேண்டாம். 'நான் அப்படி எதுவும் நடத்தலை'ன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. அந்தப் பசங்க பாடு, யூனிவர்சிட்டி பாடு."

"பசங்களா சார்? அவருக்கு முப்பத்தெட்டு வயசு. மூணாவது தடவை எழுதறார்."

பிறகு மேடமே: "ரெண்டு பேரையும் உள்ள கூப்பிடுங்க சார். ஒரு நிமிஷம் போதும்."

உள்ளே போனோம். மேடம் பிரின்சிபாலுக்கு எதிரே காலியாக இருந்த நாற்காலியை இழுத்து நடுவில் போட்டார். தி.நகர் தயங்கினார். "உக்காருங்க. நீங்கதான் விலை." அவர் உட்கார்ந்து, கையை நெஞ்சுயரத்துக்குத் தூக்கினார். மேடம் என்னைச் சுவரோரம் நிற்கச் சொன்னார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நகரக் கூடாது என்று கால் விரலையெல்லாம் இறுக்கிக்கொண்டேன். நகர்ந்தால் நான் பொய்யன்.

"கை அப்படியே இருக்கு. விலை மாறலை," என்றார், வகுப்பில் சொல்கிற அதே குரலில். "தீபாவளிக்கு ஒரு வாரம். கடை வாசல்ல கூட்டம். வேளச்சேரி?"

நான் வாயைத் திறக்கவில்லை. கால் போய்விட்டது. வலது பக்கம், ஓர் அடி.

"இதேதான் சார்!" என்று கத்தினார் மேற்பார்வையாளர். "இப்படியேதான் நகர்ந்தான்!"

பல்கலைக்கழகத்து மனிதர் பேனாவை மூடினார். "இது காப்பி இல்லை. இது பாடம்," என்றார். தாள்களைத் திருத்த அனுப்பிவிடுவதாகச் சொன்னார். எங்களை வெளியே போகச் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் பிரின்சிபால் குரல் உயர்ந்தது. "இது காலேஜாம்மா, டிராமா கொட்டகையா? ஒரு லேடி லெக்சரர், பொழுது சாஞ்சப்புறம், ஆம்பளைங்களை நிக்க வெச்சு ஆட வெக்கறாங்கன்னு நாலு பேர் பேசினா நான் என்ன பதில் சொல்ல?"

மேடம் வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டார். தி.நகர் கும்பிட்டார். அவரும் கும்பிட்டார். நான் தூணோடு தூணாக நின்றுகொண்டிருந்தேன். அதே தூண். என் வேளச்சேரி. கடந்து போகும்போது ஒரு விநாடி நடை தளர்ந்தது.

"கால் இப்ப பரவாயில்லையா, வேளச்சேரி?"

கேலியாகத்தான் கேட்டார். தோள் குலுங்கியது. சத்தம் மட்டும் வரவில்லை. நான் தலையை ஆட்டினேன். அதுதான் நான் அவருக்குக் கடைசியாகச் சொன்ன பதில்.

ஜூனில் வேறொருவர் வந்தார். நாற்காலி உள்ளே இருந்தது. அவர் அதில் உட்கார்ந்து நோட்ஸ் சொல்ல, நாங்கள் எழுதினோம். தேவைக்கோடு பற்றி மறுபடி ஏதோ வந்தபோது பெஞ்சுக்கு அடியில் முப்பது ஜோடிச் செருப்பு சரசரவென்று ஒரு பக்கமாக உரசியது. "என்ன அது, எலியா?" என்றார் அவர். யாரும் சிரிக்கவில்லை.

எனக்கு அந்தத் தாளில் எழுபத்திரண்டு. தி.நகருக்கு நாற்பத்தொன்று, பாஸ். அந்த மூன்று மாதத்தில் நான்கு முறை மந்தைவெளித் தெரு முனை வரை போய்ச் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் வாக்கியம் அமைப்பேன். முனை வந்ததும் எல்லாம் தப்பான வாக்கியமாகிவிடும். ஏரி மட்டும் அந்த ஜூலையில் நன்றாக வற்றிக் கிடந்தது. வெடித்த மண், கண்ணுக்கு எட்டின வரைக்கும்.

செப்டம்பரில் கடைக்குப் போயிருந்தபோது தி.நகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மேடம் வந்திருந்தாங்க. நாக்பூர்ல காலேஜ் வேலையாம். குளிரும்னு ஒரு கம்பளி வாங்கிட்டுப் போனாங்க."

"எப்ப?"

"போன செவ்வாக்கெழம. நேத்து ரயிலேறியிருப்பாங்க."

"என்னைப் பத்தி எதாவது..."

"கேட்டாங்க. வேளச்சேரி இன்னும் வெளியதான் நிக்காரான்னு கேட்டாங்க." ஒரு சேலையை மடித்தபடியே என்னைப் பார்த்தார். "ஒருக்கா போயிப் பாத்திருக்கலாம்லா தம்பி."

அந்த ஞாயிற்றுக்கிழமை ரயில் கால அட்டவணையில் நாக்பூர் எவ்வளவு தூரம் என்று பார்த்தேன். கிலோமீட்டரை மைலாக்கி, இரண்டால் பெருக்கினேன். ஆயிரத்து முந்நூற்று அறுபது. சாயங்காலம் நாலு மணிக்குக் கல்லூரி வாசலிலிருந்து வடக்கே, கடற்கரைச் சாலையோடு எண்ண ஆரம்பித்தேன். ஆயிரத்து முந்நூற்று அறுபதாவது அடியில் ஒரு வேப்பமரம், பக்கத்தில் பஸ் நிற்கிற இடம். மீன் விற்று முடித்த ஓர் அம்மாள் காலிக் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். மந்தைவெளியை விட்டுப் போன மேடம் இங்கேதான் நிற்கிறார் என்று வைத்துக்கொண்டேன். கல்லூரி இருந்த திசையைத் திரும்பிப் பார்த்தேன். தெரியவில்லை. இரண்டு பஸ் வந்தது, போனது.

"இன்னா நைனா," என்றார் அந்த அம்மாள். "அப்பத்துலேர்ந்து பாக்கறேன், அப்டியே நின்னுகினு கீற. காலு கீலு மரத்துப்பூச்சா?"

"இல்லம்மா," என்றேன். "மரத்துப்போகல. அன்னைக்கும் மரத்துப்போகல."